வைட்டமின் டி மாத்திரை: வாரத்துக்கு ஒன்றா, தினமும் ஒன்றா?
"ஒரே டயர்டா இருக்கு" என்றால் போதும், "வைட்டமின் டி போடுங்க பாஸ்" என்று ஆபீஸில் யாராவது சொல்லிவிடுவார்கள். பல மெடிக்கல்களில் 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 யூனிட்தான். ஒரே மாத்திரையில் 100 நாள் கணக்கு முடிந்தது! குறைபாடு இருப்பவர்களுக்கு டாக்டர்கள் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது இதனால்தான்.

இதையே தினமும் விழுங்கினால்? வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, உடம்புக் கொழுப்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் எனத் தொடங்கி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

சரி, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று அளவாகப் போட்டால்? அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 50 வயதைத் தொட்ட 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்து, 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். புற்றுநோய், மாரடைப்பு, எலும்பு முறிவு எதுவும் குறையவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்று 2024-ல் அங்குள்ள எண்டோகிரைன் சொசைட்டி சொன்னது. நம்ம ஊர் 'மாஸ்டர் செக்கப்' விளம்பரங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை போல!

டாக்டரே எழுதித் தந்தால் தாராளமாகப் போடுங்கள். எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.