புளி போட்டுத் துலக்கிய காசு

கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, கைக்குட்டையில் எதையோ முடிந்து எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்தார். அவிழ்த்துப் பார்த்தால், 1808-ம் வருஷத்து இருபது காசு! ஒரு பக்கம் கும்பினியாரின் கேடயமும் அதைத் தாங்கும் சிங்கங்களும். மறு பக்கம் பாரசீக எழுத்துக்கள்.

"பாட்டனார் காலத்திலிருந்து பெட்டியில் கிடக்கிறது. கடைத்தெருவைக் கண்டதே இல்லை. பேரனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கு உதவுமா, பாருங்கள்" என்றார்.

காசு, நேற்று வாங்கிய செப்புக் குடம் போல் ஜொலித்தது. நமக்குக் கவலை உண்டாக்கியது அந்த ஜொலிப்புத்தான்.

இக்காசுகள், சென்னை ராஜதானிக்கென்று பர்மிங்காம் நகரத்துக்கு அருகே மாத்யூ போல்ட்டனுடைய ஸோஹோ சாலையில் நீராவி யந்திரத்தால் அடிக்கப்பட்டவை. 'காசு' என்ற சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, காசை மட்டும் அங்கே அடித்து நமக்கு அனுப்பினார்கள். கும்பினியாரின் வியாபாரம் அப்படி! இவற்றைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையைவிட்டு அகலு முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி அழிந்தது. 1980-களில் முக்குளிப்போர் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காசுகளை வெளியில் கொண்டு வந்தார்கள். அவற்றில் சில, அச்சிட்ட நாளின் சிவப்பு மாறாமலே இருந்தன. இந்தச் சமாசாரத்தை நம் நண்பர் எங்கோ படித்துவிட்டார். வந்தது வினை!

விளக்கை ஏற்றிக் காசை விளிம்பில் பிடித்து மெள்ளச் சாய்த்துப் பார்த்தோம். அச்சு இறங்கும்போது செம்பு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாய் நின்றுவிடுகிறது. புழங்காத காசைச் சாய்த்தால், அக்கோடுகளில் பட்ட வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல் சுற்றி வரும். கைபட்டுத் தேய்ந்த காசில், மேடான இடங்களில் முதலில் அது மறையும். நண்பரின் காசிலோ சிங்கங்களின் பிடரி மயிர்கூடத் தேயவில்லை. ஆனால் சக்கரம் எங்கேயும் சுழலவில்லை. ஒரே சீரான, உயிரற்ற பளபளப்பு.

"இதை யாராவது துலக்கினார்களா?" என்றோம். நண்பர் விழித்தார். காசை முடிந்துகொண்டு, இருவருமாக அவர் வீட்டுக்கு நடந்தோம்.

"நேற்று ராத்திரிதான், அண்ணா, புளி போட்டுத் தேய்த்தேன்" என்றார் அவர் மனைவி, பெருமையுடன். "கன்னங்கரேலென்று இருந்தால் யார் வாங்குவார்கள்?"

அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குத்துவிளக்குக்குப் புளி அமிர்தம். ஆனால் காசுக்கு, அந்தப் புளிப்பு மேல்தோலையே அரித்துவிடுகிறது. சக்கர ஒளியும் அத்தோலோடு போய்விடுகிறது. வாங்குகிறவர்கள் செம்புக் காசைச் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 95 பங்காவது ஆதிச் சிவப்பு இருந்தால்தான் சிவப்பு என்பார்கள். அதற்காகப் பழுப்பை யாரும் தள்ளிவிடுவதில்லை. தேயாத பழுப்புக் காசுக்குக் கௌரவமான இடம் உண்டு. துலக்கிய காசுக்குத்தான் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் வகுத்த எழுபது படிகளில், அறுபதுக்கு மேலே புழங்காத காசுகள். முந்தாநாள்வரை நண்பரின் காசும் அங்கேதான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்ட அம்மாளின் முகம் வாடிவிட்டது. பிறகு தயங்கிக்கொண்டே, "இன்னொன்று இருக்கிறது, அண்ணா. புளி போதவில்லையென்று விட்டுவிட்டேன்" என்றார்.

நகைப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து, பட்டுத் துணியில் சுற்றிய அது வெளியில் வந்தது. பாக்குக் கொட்டையின் நிறம். விளக்கடியில் சாய்த்தோம். எழுத்துக்களின் இடுக்கிலே மங்கலான சிவப்பு. பழுப்பின் மேல் சக்கரம் மெள்ளத் திரும்பிற்று.

"தூசியாயிருக்கிறதே!" என்று அம்மாள் புடவைத் தலைப்பை எடுத்தார். நண்பரும் நாமும் ஏககாலத்தில், "வேண்டாம்!" என்று கூவினோம்.