வானுக்கு வேலி எது?

"விளையாட்டுப் பொருளுக்கும் சட்டமா?" எனச் சலித்துக்கொள்வோர் 2019 ஜூன் திங்களை மறந்தனர் போலும்! 18ஆம் நாள் இரவும் மறுநாள் காலையும், ஆளில்லா வானூர்திகள் தென்பட்டமையால் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று இடையிடையே மூடப்பட்டது. 37 விமானங்கள் தாமதமுற்றன. ஏவியவனுக்கு அது பொம்மை, விமானத்திலிருந்தோர்க்கோ உயிர்!

வானில் தெரியும் புள்ளி வேடிக்கையா, வஞ்சமா எனக் காவலர் எங்ஙனம் அறிவர்? 250 கிராமுக்கு மேற்பட்டவற்றை 2020 முதல் பதியச் செய்தது அடக்குமுறையன்று. கயவன் பதியமாட்டான் என்பது மெய்யே. ஆயினும், நல்லோர் அனைவரும் பதிந்து, இசைவு பெற்றுப் பறக்கவிட்டால்தான் கயவனின் கருவி தனித்துப் புலப்படும்.

நிலத்துக்கு முள்வேலியிடலாம், சிறு தீவின் வானுக்கோ குடிமக்களின் பொறுப்புணர்வே வேலி!