ஒரே பெயர், வெவ்வேறு பாலிமர்

நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான இந்திய வழிகாட்டி 2019 அக்டோபரில் வெளியானது. உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஆவணம் இது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளோ, புது வகைச் செலுத்துமுறை எதுவானாலும் அதை எக்காலத்துக்கும் ‘புதிய மருந்து’ என்றே கருதச் சொல்கின்றன. பிளாக் கோபாலிமர் மிசெலை, அதாவது நீரில் தானாகத் திரளும் பாலிமர் சங்கிலிகளின் நுண்கூட்டை, மருந்தாக்க நினைக்கும் எவரும் இனி இவ்விரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும்.

வழிகாட்டி வந்தது நல்லதுதான். புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்செலைப் பாலிமரில் பொதிந்த ‘நானோக்செல்’ அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. நெறிமுறைதான் பிந்தி வந்தது.

குறை, ஆவணம் பொருள்களைப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. சிதைவதா சிதையாததா, கரிமமா கனிமமா என்று அது பிரிக்கிறது. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் என்று வரம்பு வைக்கிறது. அளவு, அளவுப் பரவல், மேற்பரப்பு மின்னூட்டம் என்று கேட்கிறது. பொன் துகளுக்கு இந்தக் கேள்விகள் போதும். நூறு மடங்கு நீர்த்தாலும் பொன் துகள் பொன் துகள்தான். மிசெல் அப்படியல்ல. யூனிமரோடு, அதாவது திரளாத தனிச் சங்கிலிகளோடு, சமநிலையில் இருக்கும்வரைதான் அது மிசெல்.

புளூரானிக் எஃப்127-ஐயே (தரநூல்களில் பாலக்ஸாமர் 407) எடுத்துக்கொள்வோம். அலெக்ஸாண்ட்ரிடிஸ், ஹோல்ஸ்வார்த், ஹாட்டன் மூவரும் 1994-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 25 டிகிரியில் அதன் சி.எம்.சி., அதாவது மிசெல் உருவாகத் தொடங்கும் செறிவு, சுமார் 0.7 சதவீதம்; 35 டிகிரியில் சுமார் 0.025, 40 டிகிரியில் 0.008. பதினைந்து டிகிரிக்குள் ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு சரிவு. காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில், குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையில் ஒரு சதவீதக் கரைசலை வைத்துப் பார்த்தாலே போதும். மார்கழி விடியலில் வெப்பம் 23 டிகிரிக்கு இறங்கும்போது அதில் பெரும்பாலும் யூனிமர்தான் இருக்கும். கத்திரி வெயிலில் அதே குப்பி முழுக்க மிசெல். இருபது சதவீதக் கரைசல் என்றால் கண்ணாலேயே காணலாம்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் தண்ணீர்போல் ஓடும், சற்று நேரம் வெளியே வைத்துச் சோதனைக்குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சொட்டுக்கூட இறங்காது. இப்படிப்பட்ட பொருளுக்கு வெப்பநிலையைக் குறிக்காமல் ஒளிச்சிதறலால் (டி.எல்.எஸ்.) அளந்த ஓர் எண்ணை மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் அது எந்த நிலையைச் சொல்கிறது?

அடுத்தது ரத்தம். அந்த ஒரு சதவீதக் கரைசலில் 50 மில்லியை ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஏற்றினால் 0.01 சதவீதம் ஆகிறது. அது 37 டிகிரிக்கான வரம்புக்கும் கீழே. மருந்தைச் சுமந்து போக வேண்டிய கூடு வழியிலேயே கலைந்துவிடும். பி.இ.ஜி.–பாலிலாக்டைடில் சி.எம்.சி. இதைவிட மிகக் குறைவு என்பதால் அதில் செய்த கொரியாவின் ஜெனக்ஸால்-பி.எம். மருந்து தாக்குப்பிடிக்கிறது. உள்ளகம் கண்ணாடிபோல் இறுகிவிடும் பாலிஸ்டைரீன் மிசெல்களின் சிக்கல் வேறு. அங்கே எந்தக் கரைப்பானில் தொடங்கினோம் என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. மூன்றுக்கும் ஒரே கேள்வித்தாள் பொருந்தாது.

முக்கியமான ஒன்று இங்கேதான் வருகிறது: சங்கிலி நீளப் பரவல்.

பாலக்ஸாமர் 407 என்ற பெயரில் விற்கப்படும் பொருளின் சராசரி மூலக்கூறு எடை 9,840 முதல் 14,600 வரை எங்கே இருந்தாலும் அமெரிக்க மருந்துத் தரநூல் ஏற்றுக்கொள்கிறது. ஆக்சிஎத்திலீன் பங்கை 73 சதவீதமாகக் கொண்டு கணக்கிட்டால், நடுவிலுள்ள பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு (பி.பி.ஓ.) தொகுதி ஏறக்குறைய 45 அலகிலிருந்து 67 அலகு வரை மாறலாம். சி.எம்.சி.யோ அந்தத் தொகுதியின் நீளத்துக்கு ஏற்ப அடுக்குக்குறி வேகத்தில் மாறுவது. மினசோட்டாவில் சோய், லாட்ஜ், பேட்ஸ் குழு 2010-இல் காட்டியது இன்னும் கூர்மையானது: உள்ளகத் தொகுதி சற்றே நீண்டாலும் சங்கிலிகள் மிசெலுக்கு மிசெல் இடம் மாறும் வேகம் பல பதின்மடங்கு குறைகிறது. ஒரே தயாரிப்புத் தொகுப்புக்குள் குட்டைச் சங்கிலியும் நெட்டைச் சங்கிலியும் கலந்திருந்தால் குட்டை முதலில் கழன்றுவிடும். இதோடு, புரோப்பிலீன் ஆக்சைடின் பக்கவினையால் உருவாகும் இருதொகுதிச் சங்கிலிகளும் உள்ளே இருக்கின்றன. இவ்வளவையும் ஒரு சராசரி எண்ணுக்குள் மறைத்து, ‘தரநூலுக்கு இணக்கம்’ என்ற சான்றிதழோடு டப்பா வந்து இறங்குகிறது. சங்கிலி நீளப் பரவலைக் காட்டும் ஜி.பி.சி. வளைவைக் கேட்டால் வியாபார ரகசியம் என்கிறார்கள். ஒரு கல்லூரி ஆய்வகம் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியது அரசு.

அரசுக்கு வழி தெரியாமலும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமையும் ஜப்பானியச் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து பிளாக் கோபாலிமர் மிசெல் மருந்துகளுக்கென்றே ஓர் ஆவணத்தை 2014 தொடக்கத்தில் வெளியிட்டன. பாலிமரின் அமைப்பு, சராசரி எடை, பரவல், நீர்த்தலிலும் பிளாஸ்மாவிலும் நிலைப்பு என்று அது வரிசையாகப் பேசுகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். ஐந்தாண்டு கழித்து வந்த நம் வழிகாட்டியில் மிசெலுக்கென்று ஒரு தனிப் பகுதி இல்லை. ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. சூரத்தில் பிரதாப் பகதூரின் குழு புளூரானிக் கரைசல்களை அலசி எழுதியவை ஒரு நூலகம் அளவு இருக்கும். டிராம்பேயின் துருவா உலையில் வினோத் அஸ்வல் சிறுகோண நியூட்ரான் சிதறலால் இதே மிசெல்களின் உள்ளகத்தையும் புறவளையத்தையும் அளந்து தந்திருக்கிறார். நாட்டுக்குள் இருக்கும் இந்த அறிவின் சாயலே விதியில் தெரியவில்லை என்றால் அது வெறும் கவனக்குறைவு அல்ல, அலட்சியம்.

அலட்சியத்தின் விலையை நோயாளி கொடுக்கிறார். குரும்பகரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கு, இந்த மாதம் ஏறிய குப்பியும் அடுத்த மாதம் ஏறும் குப்பியும் ஒரே பாலிமர்தான் என்று உறுதி சொல்ல அந்த வழிகாட்டியில் ஒரு தெளிவான வரியும் கிடையாது. ஜப்பானின் என்.கே.105 மிசெல் 2016-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கைத் தொடவில்லை. நன்கு வரையறுக்கப்பட்ட பாலிமருக்கே பாதை அவ்வளவு கரடு.

வழிகாட்டிக்கு ஒரு பின்னிணைப்பு வேண்டும். அதுவரை, மிசெல் விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் கேட்காவிட்டாலும் இவற்றை இணைக்க வேண்டும்: தொகுப்புதோறும் முழு ஜி.பி.சி. வளைவு, 5, 30, 37 டிகிரிகளில் அளந்த சி.எம்.சி., எந்த ஊடகத்தில் என்ற குறிப்போடு; பிளாஸ்மாவில் நூறு மடங்கு நீர்த்தபின் அளவும் கட்டற்ற மருந்தின் பங்கும்.