காருக்குள் தண்ணீர்: துடைத்தால் போதுமா?

கார் மிதியடி நனைந்தால் பலரும் செய்வது, துடைத்துவிட்டு ஒரு பெர்ஃப்யூம் வாங்கி வைப்பது. இல்லையென்றால் கண்ட இடத்திலெல்லாம் சிலிகான் பூசுவது. இரண்டும் வீண். தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு!

மழையில்லாத நாளில் ஏசி போட்டதும் முன்சீட்டுக் கால்பக்கம் நனைகிறதா? ஏசி தண்ணீர் வெளியேறும் ட்யூப் அடைத்திருக்கலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட். உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

மழையில் மட்டும்தான் ஈரமா? முன்கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த சருகையும் கதவு ரப்பரையும் பாருங்கள். பிறகு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் வழி தெரிந்துவிடும்.

அடைத்தபின் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள ஸ்பாஞ்சையும் காயவைக்க வேண்டும். பல கார்களில் அங்கேதான் வயர்கள் ஓடுகின்றன. துருப்பிடிப்பதும் அங்கேதான். மேலே காய்ந்துவிட்டதே என்று விட்டால், பிறகு செலவு பல மடங்கு!