ஆளைத் தொடராமல் நடமாட்டத்தை எண்ண முடியும்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய கொரோனா ஊரடங்கு தொடங்கியதும், வேலையிழந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் புறப்பட்டன. தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் எந்த நகரத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு எத்தனை பேர் கிளம்புவார்கள் என்ற நம்பகமான கணக்கும் அப்போது இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 45 கோடிப் பேரை இடம்பெயர்ந்தவர்களாகக் காட்டியது; அதில் மிகப் பெரிய பிரிவினர் திருமணமாகி ஊர் மாறிய பெண்கள். சில மாதங்கள் மட்டும் செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பம் அந்தக் கணக்கில் எளிதாக நழுவிவிடும். வேலைக்குச் செல்வோரிடம் எவ்வளவு தூரம், எந்த வாகனம் என்று கேட்டார்களே தவிர, எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, ஆய்வுக்கென ஒரு தேசிய நடமாட்டத் தரவுத்தொகுப்பு நமக்குத் தேவை.

இதற்கு யாருடைய பெயரும் வேண்டியதில்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ரயில்வேயின் முன்பதிவில்லாப் பயணச்சீட்டு விற்பனையை வைத்தே, 2011 முதல் 2016 வரை மாநிலம் விட்டு மாநிலம் சென்றவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. கென்யாவில் ஏறத்தாழ 1.5 கோடி செல்பேசிகளின் நடமாட்டத்தை மலேரியா வரைபடத்தோடு பொருத்திப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. விக்டோரியா ஏரிப் பகுதியிலிருந்து பயணிகள் வழியாக நைரோபிக்குத் தொற்று போய்ச் சேர்வதை அது காட்டியது. கொசு ஒழிப்புக்கு எங்கே முதலில் செலவிடுவது என்று முடிவெடுக்க இத்தகைய தகவல் உதவும்.

செல்பேசித் தரவை இப்படிப் பயன்படுத்துவது குறித்த எதிர்ப்பாளர்களின் அச்சம் நியாயமானது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்பது தவறான நம்பிக்கை. ஒரு செல்பேசி இரவில் எந்தத் தெருவில், காலை பத்து மணிக்கு எந்த அலுவலகத்தில், புதன்கிழமை மாலை எந்த மருத்துவமனையில் இருந்தது என்று தெரிந்தால் அதற்குரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். 15 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்த 2013 ஆய்வொன்றில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டப் போதுமானவையாக இருந்தன. எனவே தனிநபரின் தடம் தொலைத்தொடர்பு நிறுவனத்தை விட்டு வெளியேறவே கூடாது. தாலுகாவிலிருந்து தாலுகாவுக்கு எத்தனை பேர் என்ற கூட்டு எண்ணிக்கை மட்டுமே வெளியே வரட்டும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் அதுவும் வரக் கூடாது.

செல்பேசி இல்லாதவர்கள் விடுபடுவார்கள், இரண்டு சிம் வைத்திருப்பவர் இருமுறை எண்ணப்படுவார் என்பதும் உண்மையே. அதற்காகத்தான் வீடு வீடாகச் செல்லும் மாதிரிக் கணக்கெடுப்பு கூடவே நடக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், முதியோரின் பயணக் கணக்கை அதுவே சரிசெய்யும். இவற்றைவிடக் கடினமான கேள்வி, அரசே இதைக் கண்காணிப்புக்குத் திருப்பினால் என்ன செய்வது என்பது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் விலக்கு தருகிறது, அரசு அமைப்புகளுக்கும் விலக்கு தர வழிவிடுகிறது. ஆகவே அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி இதைத் தொடங்கக் கூடாது. காவல்துறைக்கும் வரித்துறைக்கும் இந்தத் தரவு கிடைக்காது என்று தனிச் சட்டம் சொல்ல வேண்டும். தரவைக் காக்கும் அமைப்பு அமைச்சகங்களுக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தனிச் சட்டம் முதலில் வரட்டும், சேகரிப்பு அதன் பின்னர் தொடங்கட்டும்.