ஊருக்கும் ஒரு ஜாபிதா

பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது. கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டாவை, "இது எங்களுடையது" என்று வேறொருவர் உரிமை கொண்டாடினால் சாட்சி சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா? பெயர் வெட்டாத பாத்திரத்துக்காக எவ்வளவு சத்தம் போட்டாலும் பலன் கிடையாது.

பாத்திரத்துக்கே இப்படி என்றால், ஊர்ச் சொத்துக்கு? நிலபுலனைச் சொல்லவில்லை, அதற்குப் பத்திரம், பட்டா எல்லாம் இருக்கின்றன. ஏரிக்கு வரும் பறவை, கழி ஓரத்துக் கீரை, பிள்ளை பெற்றவளுக்கு எந்த மீன் ஆகும் என்கிற கிழவியின் ஞானம் - இவற்றுக்கு யார் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள்?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வந்ததும் சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். தமிழ்நாட்டின் உப்பளங்களில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடி பெயர் பெற்றது இவ்வூர். பாத்தி பாத்தியாக உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்ற விட்டு, உப்பை வாருகிறார்கள். ஐப்பசி மழை வந்துவிட்டால் வேலை நின்றது. நம் ரசத்துக்குப் போடும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால், கால் வெடிக்கக் கூடை சுமந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள்.

இந்த ஊர் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உப்பளங்களைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் இருக்கின்றன. அதே சிறுபாணாற்றுப்படையில் ஓர் அழகான காட்சி: உப்பு வணிகர் வீட்டுக் குழந்தைகளோடு ஒரு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது! யாரோ ஒரு புலவர் எழுதி வைத்தார். அதனால் அந்தக் கிலுகிலுப்பைச் சத்தம் இன்றும் நம் காதில் விழுகிறது.

உப்பளத்தை அடுத்து இருப்பது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பூநாரையும் கூழைக்கடாவும் இன்னும் எத்தனையோ வெளிநாட்டு விருந்தாளிகளும் வந்து இறங்கும் இடம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் சேறு. "உபயோகமில்லாத நிலம்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நல்ல வேளையாக 2021ல் தமிழ்நாடு அரசு 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் 'ராம்சார்' என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

பறவைக்குப் பட்டியல் கிடைத்துவிட்டது. மனிதர் அறிந்ததற்கு?

அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2002ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் ஒரு குழு அமைய வேண்டும். ஊர் மக்களைக் கேட்டு, அங்குள்ள மரம், செடி, மீன், பயிர், கைவைத்தியம் எல்லாவற்றையும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்ற நோட்டில் எழுத வேண்டும். வியாபாரத்துக்காக அவற்றைச் சேகரிக்க வருகிறவரிடம் கட்டணம் கேட்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று 2004ம் ஆண்டு விதிகளிலேயே எழுதினார்கள்.

காகிதத்தால் என்ன ஆகும் என்கிறீர்களா? மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயிற்று. 2024ல் அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, ஊரே திரண்டு, "எங்கள் மலையில் என்னென்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டது. சொல்வதற்கு ஆதாரம் கையில் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. போராடியவர்கள் மக்கள்தான், காகிதம் தானாக எழுந்து போராடாது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கும் ஆதாரத்தோடு நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பல வருஷங்கள் இந்த நோட்டு எழுதப்படாமலே கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் கெடுவாக வைத்து, தவறினால் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்றது. உடனே நாடெங்கும் அவசர அவசரமாக நோட்டுகள் நிரம்பின. அவசரத்தில் ஆக்கிய சாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உமரிக்கீரையை எத்தனை முறை அலசினால் உப்பு போகும் என்பது ஆபீஸ் மேஜைக்குத் தெரியுமா? முழங்கால் சேற்றில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணைக் கேட்காமல் எழுதிய நோட்டில் இறாலின் பெயர் இருக்கும். அவள் அறிவு இராது.

சகோதரிகளே, நம்மில் பலருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று வேறெங்கோ இருக்கிறது. அடுத்த முறை திருவிழாவுக்குப் போகும்போது பஞ்சாயத்து ஆபீசில், "பல்லுயிர்ப் பதிவேடு எங்கே?" என்று கேளுங்கள். பாருங்கள். பிறகு அத்தையிடமோ, வயல் வேலைக்கு வரும் பெரியம்மாவிடமோ உட்கார்ந்து, நோட்டில் விட்டுப் போனதைக் கேட்டு எழுதிக் குழுவிடம் கொடுங்கள். அவர்களுக்கு வயதாகிறது. தாமதிக்க வேண்டாம்.