குடும்ப நலம்: கருத்தடை வேறு, நோய்த்தடை வேறு



பெரம்பலூர் மாவட்டத்துச் சகோதரி ஒருவர் இம்மாதம் நமக்கொரு கடிதம் எழுதியுள்ளார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விடுத்து, செய்தியை மட்டும் தருகின்றேன். அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகின்றார். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். இரண்டாவது குழந்தை பிறந்தபின் இச்சகோதரி காப்பர்-டி பொருத்திக்கொண்டிருக்கின்றார். "இதுவே எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். எங்கள் ஊருக்கு வந்த செவிலியர் எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பேசியபொழுதுதான் ஐயம் எழுந்தது. என் கணவர் மீது எனக்குச் சந்தேகமில்லை. எனினும் கேட்கின்றேன்: காப்பர்-டி அந்நோயைத் தடுக்குமா? தடுக்காதெனில், ஒரு பெண் தானே கையாளத்தக்க தடுப்பு உண்டா? மார்க்கம் அதற்கு இடந்தருமா?" என்பது அவருடைய வினா.

வெட்கத்துக்குரிய வினாவென்று இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பிழைப்பின் பொருட்டு வீட்டைப் பிரிந்து வாழும் ஆடவர் பலர். கடல் கடந்து சென்றோர் ஒருபுறம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலும், அரியலூரின் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரிகளிலும் இரவுபகலாய் ஓடுவோர் மறுபுறம். பிரிவு குற்றமன்று, ஹலாலான உணவுக்காகப் படும் பாடு அது. ஆயினும் பிரிந்து வாழும் குடும்பம் தன் நலத்தைக் குறித்துக் கூடுதலாக அறிந்திருக்கக் கடமைப்பட்டுள்ளது.

மனைவியரை எட்டிய நோய்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபொழுது உண்மை வெளிப்பட்டது. "இது நம்மைப் போன்ற குடும்பத்தாருக்கு வாராது" என்று அன்று பலர் எண்ணினர். சுனிதி சாலமன் பின்னர் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்பெண்களில் மிகப் பெரும்பாலோர் தம் கணவரைத் தவிர வேறெவரையும் அறியாதவர்கள்! கற்புடைய மனைவி என்பது மட்டுமே இந்நோய்க்கு எதிரான கேடயம் ஆகிவிடாது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

கருத்தடை நோயைத் தடுக்குமா?

தடுக்காது. இதனை ஐயத்துக்கிடமின்றி நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். காப்பர்-டி, தாம்பு நீர் போல் ஊறும் செம்பினால் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கின்றது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் 'அந்தரா' ஊசி, சினைமுட்டை வெளிப்படுவதை நிறுத்துகின்றது. மாத்திரைகளும், அறுவைச் சிகிச்சையும் கருவைத்தான் தடுக்கின்றனவேயன்றி நோய்க்கிருமியை அல்ல. இரண்டையும் ஒருங்கே தடுப்பவை ஆணுறையும் பெண்ணுறையுமே.

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வைக் கூறலாம். மூன்று மாத ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகுமோ என்ற அச்சம் நெடுங்காலம் நிலவிற்று. அதனைத் தீர்க்கத் தென்னாப்பிரிக்கா, கென்யா, எஸ்வாத்தினி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்களிடம் ஆய்வு நடத்தி, 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஊசி, காப்பர்-டி, கைத்தோலுக்கடியில் வைக்கப்படும் குச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே தொற்று வாய்ப்பில் பெரிய வேறுபாடு இல்லையென்று தெரிந்தது. ஊசியைப் பற்றிய அச்சம் பெரிதும் நீங்கிற்று. ஆனால், அந்த ஆய்வுக் காலத்துக்குள் 397 பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. மூன்று முறைகளும் கருவை நன்கு தடுத்தன; நோயைத் தடுக்கவில்லை.

சென்னையில் நின்றுபோன ஆய்வு

ஆணுறை, ஆண் இசைந்தாலன்றிப் பயன்படாது. ஆகவேதான் பெண் தானே கையாளத்தக்க ஒன்றை அறிவியலார் பல்லாண்டுகளாகத் தேடி வருகின்றனர். கருவையும் கிருமியையும் ஒருசேரத் தடுக்கும் ஜெல் மருந்து அகப்படுமா என்பதே அவர்களின் தொடக்கக் கனவாயிருந்தது.

விந்தணுவைக் கொல்லும் நானாக்சினால்-9 என்ற பழைய மருந்து, சோதனைக் குழாயில் எச்.ஐ.வி. கிருமியையும் கொன்றது. பெண்களிடம் சோதித்தபொழுதோ, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று குறைவதற்கு மாறாகக் கூடியதென 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அம்மருந்து உள்ளுறுப்பின் மென்மையான தோலைப் புண்படுத்தியதே காரணமெனக் கருதப்பட்டது.

அடுத்து வந்தது செல்லுலோஸ் சல்பேட் ஜெல். இதுவும் கருத்தடையாகவும் நோய்த்தடையாகவும் பயன்படலாமென்று நம்பப்பட்டது. அமெரிக்காவின் கான்ராட் நிறுவனம் ஆப்பிரிக்க நாடுகளிலும், இந்தியாவில் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் இதனைச் சோதித்தது. 1,398 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு மருந்து ஜெல். மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். எவருக்கு எது என்பது பெண்களுக்கும் தெரியாது, கொடுப்பவர்க்கும் தெரியாது. அனைவருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் வழங்கப்பட்டன.

இத்தகைய ஆய்வில், நடத்துவோரோடு தொடர்பில்லாத ஒரு குழு அவ்வப்பொழுது கணக்கைப் பிரித்துப் பார்க்கும். பள்ளிவாசல் வரவு செலவை முத்தவல்லி தாமே தணிக்கை செய்துகொள்ளாமல் வெளியாரிடம் ஒப்படைப்பது போன்ற ஏற்பாடு இது. 2007 ஜனவரியில் அவ்வாறு பார்த்தபொழுது, மருந்து ஜெல் பெற்றவர்களிடமே தொற்று மிகுந்திருந்தது. உடனே ஆய்வு நிறுத்தப்பட்டது. இறுதிக் கணக்கின்படி, புதிதாகத் தொற்று ஏற்பட்டோர் மருந்துப் பிரிவில் 25 பேர், வெறும் ஜெல் பிரிவில் 16 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாமென்று பின்னர் அறியப்பட்டது. மருந்து காக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

சகோதரிகளே, இதனைத் தோல்விக் கதையென்று மட்டும் படிக்காதீர்கள். கண்காணிப்பு இருந்ததால்தான் மேலும் பல பெண்களுக்கு நேரக்கூடிய தீங்கு தவிர்க்கப்பட்டது. அந்தப் பெண்களின் உடல் ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாளை உங்களையும் எவரேனும் மருந்தாய்வுக்கு அழைக்கக்கூடும். விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள். தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பென்று கேளுங்கள். எப்பொழுது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்குண்டு. புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள்.

தேடல் ஓயவில்லை. 2010ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அறிவியலாளர் குறைஷா அப்துல் கரீம் அவர்களும் அவருடைய கணவர் சலீம் அப்துல் கரீம் அவர்களும் தலைமை தாங்கிய ஆய்வில், டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த ஜெல் 889 பெண்களிடம் சோதிக்கப்பட்டது; தொற்று 39 விழுக்காடு குறைந்தது. பின்வந்த பெரிய ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. பெண்கள் பலரால் அதனை ஒழுங்காகப் பயன்படுத்த இயலாமற்போனது முக்கியக் காரணம். மாதம் ஒருமுறை மாற்றும் டாபிவிரின் வளையத்தை உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அதன் பாதுகாப்பு முழுமையானதன்று. 2024ஆம் ஆண்டில் வெளியான செய்தியே வியப்புக்குரியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! 2025ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனையும் பரிந்துரைத்துள்ளது. இது தொற்று வாய்ப்பு மிகுந்தோர்க்கு, மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படுவது. இதுவும் கருத்தடை அன்று. கருவையும் கிருமியையும் ஒருசேரத் தடுக்கும் ஜெல் இன்னும் கனவாகவே இருக்கின்றது.

இன்றே செய்யக்கூடியது

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரிக்கும் அவரைப் போன்றோருக்கும் இன்று கைக்கெட்டும் வழி பரிசோதனையே. வளைகுடாவுக்குச் செல்லுமுன் நடத்தப்படும் மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் அடங்கும். "மச்சானுக்குத்தான் பார்த்துவிட்டார்களே" என்று நாம் நிம்மதியடைகின்றோம். அது அன்றைய நிலையை மட்டுமே கூறும். விடுப்பில் வீடு திரும்புகையில் எவரும் சோதிப்பதில்லை.

கணவரிடம் இதனை எவ்வாறு கேட்பது? "நீங்கள் போய்ப் பாருங்கள்" என்றால் குற்றச்சாட்டாகத் தோன்றும். "நாம் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் குடும்ப அக்கறையாகும். இந்நோய் தவறான நடத்தையால் மட்டும் வருவதன்று. தூய்மையற்ற ஊசியாலும், சோதிக்கப்படாத இரத்தத்தாலும் வரக்கூடும். பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம்; முடிவு இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமற்போகலாம். மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தல் நன்று.

நோய் இருப்பதாகத் தெரிந்தால் வாழ்வு முடிந்துவிடவில்லை. சென்னையும் புனேயும் உட்பட ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தொற்றுள்ளவர் தொடக்கத்திலேயே கூட்டு மருந்தை உட்கொண்டால், துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகின்றது. கணவர் உண்ணும் மாத்திரை மனைவிக்கும் கவசமாகின்றது! கருவுற்ற தாய்க்குச் சிகிச்சை இல்லையேல் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம்; சிகிச்சையால் அதனை 5க்கும் கீழே குறைக்கலாம். இம்மருந்து 2004 முதல் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றது. நோயுற்றோரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ விலக்குவதை, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடை செய்கின்றது.

மார்க்கம் என்ன சொல்கின்றது?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதனை அடிப்படையாகக் கொண்டு, தக்க காரணத்துடன், கணவன் மனைவி இருவரும் மனமொத்துக் கையாளும் தற்காலிகத் தடுப்பை உலமாக்கள் பலர் அனுமதித்துள்ளனர். மனைவியின் இசைவைக் கேட்க வேண்டுமென்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் வலியுறுத்தியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நிரந்தரத் தடை வேறு; அது குறித்து நம்பிக்கைக்குரிய ஆலிமை அணுகுங்கள். நோயைத் தடுப்பதும், நோய்க்கு மருந்துண்பதும் மார்க்கம் ஊக்குவிக்கும் செயல்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணிக்கப்பட்ட உம்மத்து நாம். பரிசோதனை செய்துகொள்வது தீய எண்ணம் அன்று, ஒட்டகத்தைக் கட்டுவது.

சகோதரியே, உங்கள் கணவர் அடுத்த விடுப்பில் வரும்பொழுது, விருந்துகளும் உறவினர் வருகையும் முடிந்தபின், ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். இருவருமாகச் சென்று வாருங்கள். காப்பர்-டியை எடுத்துவிட வேண்டியதில்லை. அது தன் வேலையைச் செய்யட்டும். இதுவோ வேறு வேலை. வல்ல ரஹ்மான் உங்கள் இல்லத்தையும் நம் அனைவரின் இல்லங்களையும் நலமாகக் காப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.